காதில் பென்சில் வைப்பவனின் விண்ணப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் இணைப்பில் எந்த இயர்பட்ஸ் வாங்கலாம் என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. இலஞ்சியில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு கடைக்காரரிடம் கேட்டு அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஏழு ஜோடிகளைக் கட்டம் போட்டு ஒப்பிட்டிருந்தீர்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் எத்தனை மில்லிமீட்டர், என்னென்ன நிறத்தில் வருகிறது, எல்லாம் இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. அதைத் தட்டினால் என்ன நடக்கும், நடப்பது நமக்கு ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ள முடியுமா, ஒன்றுமே நடக்க வேண்டாம் என்று நிறுத்திவைக்க முடியுமா? இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

நான் தச்சு வேலை செய்பவன். 31 வருடமாக வலது காதில் பென்சில் செருகி வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் முதல் இயர்பட்ஸ் மகள் தீபாவளிக்கு வாங்கித் தந்தது. விலையை அவள் சொல்லவில்லை, பெட்டியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன், 1,299 ரூபாய். அதற்கு முன்னால் போனைச் சட்டைப்பையில் வைத்துச் சத்தமாக வானொலி கேட்பேன். ஆகாசவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலி இருக்கிறதே, அதுதான். சாயங்காலமானால் யூடியூபில் கம்பராமாயணச் சொற்பொழிவு. வேலை நடக்கிற வீட்டில் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் அணைக்கச் சொல்லிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இழைப்புளிச் சத்தமே அவர்களுக்குப் போதும், வானொலியும் சேர்ந்தால் யார் தாங்குவார்கள்? அதைப் பார்த்துத்தான் மகள் இதை வாங்கினாள்.

முதல் நாள் காலையில் மாட்டிக்கொண்டு நிலைச்சட்டத்துக்கு அளவு எடுத்தேன். பென்சிலை எடுத்தேன், பாட்டு நின்றது. பென்சிலைத் திரும்பக் காதில் வைத்தேன், பாட்டு வந்தது. நல்ல வேடிக்கையாக இருக்கிறதே என்று நினைத்தேன். பத்து மணிக்குள் வேடிக்கை தீர்ந்துவிட்டது. என் கையாள் பையன் ஒருநாள் பொழுதுபோகாமல் எண்ணிப் பார்த்தான். காலையில் வந்ததிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குள் என் வலது கை காதுக்குப் போய் வந்தது 84 தடவை. அத்தனை தடவையும் அந்தக் கருவி நான் ஏதோ உத்தரவு போடுவதாக எடுத்துக்கொண்டது.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். "பென்சில் மேல தப்பில்லப்பா, பென்சில எடுக்கிற விரல் மேலதான் தப்பு" என்றாள். இயர்பட்ஸின் வெளிப்புற மூடிக்கு அடியில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறதாம். விரல் பக்கத்தில் வந்தால் அதில் மின்னூட்டம் தேங்கும் அளவு கொஞ்சம் மாறும். மாறியதைச் சில்லு கவனித்து, தட்டிவிட்டார்கள் என்று கணக்கு வைக்கும். அழுத்த வேண்டும் என்பதில்லை, பட்டால் போதும். தெரிந்து பட்டதா, தெரியாமல் பட்டதா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. என் கட்டைவிரல் பென்சிலை உருவும்போது ஒரு தடவை உரசும், செருகும்போது ஒரு தடவை உரசும், பிடி கிடைக்காமல் தடவினால் மூன்று. ஒன்றுக்கு ஓர் அர்த்தம், மூன்றுக்கு வேறு அர்த்தம்.

இதில் இன்னொரு கூத்து, பெவிகால் விரலில் காய்ந்து தோல்போல ஒட்டியிருக்கும் நாளில் நானாக வேண்டுமென்று தட்டினால் அது கேட்காது.

என்ன தட்டுக்கு என்ன அர்த்தம் என்று பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. கண்ணாடி போட்டும் படிக்க முடியாத பொடி எழுத்து, தமிழ் ஒரு வரிகூட இல்லை. மகள் படித்துச் சொன்னாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து அல்லது தொடங்கு. இரண்டு தட்டினால் அடுத்த பாட்டு. இடது காதில் மூன்று என்றால் முந்தைய பாட்டு. வலது காதில் மூன்று என்றால் கடைசியாக நாம் அழைத்த எண்ணுக்கே திரும்ப அழைப்பு. விரலை எடுக்காமல் பிடித்தால் வெளிச்சத்தம் அடைபடும், இன்னொரு தடவை பிடித்தால் திறக்கும். போன் பேசிக்கொண்டிருக்கும்போது இவை எல்லாமே வேறு. அப்போது இரண்டு தட்டினால் அழைப்பு துண்டிக்கப்படும்.

அந்த வலது காது மூன்று தட்டுதான் என் மானத்தை வாங்கியது.

தென்காசியில் ஒரு வீட்டுக்கு நாலு அலமாரி வேலை. வீட்டுக்காரர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன். ஆனால் அலமாரி மேல் ஒட்டும் மைக்காவுக்கு நிறம் முடிவு செய்ய மாட்டார். மூன்று தடவை மாதிரிப் புத்தகம் கொண்டுபோய்க் காட்டியாகிவிட்டது. அன்று காலையிலும் போன் போட்டுக் கேட்டேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றார். வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். பென்சிலை எடுக்கக் கை போனது, பிடி நழுவித் தடவினேன், வானொலி நின்றது. வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு முருகன் பாட்டு வந்தது. சரி, வானொலியில் பாட்டு மாறியிருக்கிறது என்று நினைத்தேன். அது வீட்டுக்காரரின் காலர் டியூன். பாட்டும் நின்றது. நான் கையாளைப் பார்த்து, "இந்த மனுஷன் மைக்கா கலர் முடிவு பண்றதுக்குள்ள ஆடி போயி ஆவணி வந்துரும்ல. அவரு குடுக்கிற துட்டுக்கு நாம கலர் புஸ்தகம் சுமந்தே தேஞ்சு போவோம்" என்றேன். இன்னும் கொஞ்சம் சொன்னேன். அது நாளிதழில் எழுதுகிற மாதிரி இல்லை.

"ஆசாரி, நான் எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

என் காதுக்குள்ளிருந்தே அந்தக் குரல் வந்தது. கையில் இருந்த உளி கீழே விழுந்தது, மரத்தூள் மேல் விழுந்ததால் முனை தப்பியது.

புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு விதி, பேச்சுக்கு ஒரு விதி என்று தனித்தனியாக இருக்கிறது என்று மகள் பிறகு விளக்கினாள். கடைசி எண்ணுக்குத் திரும்ப அழைப்பது பேச்சு விதியில் இருக்கிற ஒரு கட்டளை. காரிலும் ஒற்றைக் காது மாட்டியிலும் பேசிய காலத்தில் அது உதவியாக இருந்திருக்கும், பொத்தானை நன்றாக அழுத்தினால்தான் அழைக்கும். அதே கட்டளையை, பட்டாலே போதும் என்கிற மூடியில் கொண்டுவந்து வைத்தவர் காதில் ஒருநாளும் பென்சில் வைத்திருக்க மாட்டார்.

சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அந்த ஜோடிக்குச் செயலியே கிடையாது. தொழிற்சாலையில் என்ன பதித்தார்களோ அதுதான் கடைசிவரை. வாடிக்கையாளர் எண்ணுக்கு மகள் பேசினாள். "டச் ரொம்ப சென்சிட்டிவா இருக்கிறது நல்ல குவாலிட்டி மேடம்" என்றாராம் அந்தத் தம்பி. பிறகு நானே ஒரு வழி செய்தேன். மூடியின் மேல் ரெண்டு மில்லிமீட்டர் பிளைவுட் சீவல் வட்டமாக வெட்டி ஒட்டினேன். தகட்டுக்கும் விரலுக்கும் நடுவே மரம் வந்ததும் தட்டு குறைந்தது. ஆனால் பெட்டி மூடவில்லை, பெட்டி மூடாமல் சார்ஜ் ஏறவில்லை.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலமாரிக் கதவில் கைப்பிடிக்குத் துளை போடும் முன் அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு நிற்கச் சொல்வேன். கையை இயல்பாக நீட்டச் சொல்லி அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். குட்டையானவர் என்றால் புள்ளி கீழே வரும். இடது கைக்காரர் என்றால் கீல் வலப்பக்கம் போகும். மேலகரத்தில் ஒரு பாட்டிக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம், உருண்டைக் குமிழைப் பிடித்து இழுக்க முடியவில்லை. நீளக் கைப்பிடியாக மாற்றி, நாலு விரலையும் உள்ளே விட்டு இழுக்கிற மாதிரி செய்து கொடுத்தேன். கைப்பிடி யாருக்கு என்று கேட்காமல் துளை போடுகிறவனை எங்கள் தொழிலில் யாரும் இரண்டாம் தடவை கூப்பிட மாட்டார்கள். காதில் மாட்டுகிற சாமானுக்கு மட்டும் எல்லார் கையும் ஒரே கை, எல்லார் காதும் ஒரே காது என்று எப்படி முடிவு செய்தார்கள்?

ஒரே காது இல்லை என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். சமையல் நேரத்தில் பாட்டு கேட்கட்டும் என்று மனைவியிடம் கொடுத்தேன். அவள் தோட்டுக்கு மாட்டல் போடுவாள். தலையைத் திருப்பும்போதெல்லாம் அதன் சங்கிலி மூடியில் படுகிறது, மாட்டலைச் சரிசெய்யப் போகிற விரலும் படுகிறது. "தானா நிக்குது, தானா பாடுது, பேய் பிடிச்ச சாமான்" என்று இரண்டாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் எங்கள் ஊர்ச் சாரல். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடியில் முகத்தில் பூப்போல ஈரம் விழுவது சுகம். இயர்பட்ஸுக்கு அது ஓயாத தட்டு. தண்ணீர்த் துளியும் விரலும் அந்தத் தகட்டுக்கு ஒன்றுதான். தெறிக்கும் தண்ணீர் உள்ளே போகாது என்பதற்கு அடையாளமாகப் பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4 போட்டிருந்தது, போகவும் இல்லை. வெளியே நின்றுகொண்டே அது பாட்டை மாற்றிக்கொண்டிருந்தது. சாரலில் வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு பாட்டுகூட முழுதாகக் கேட்டதில்லை. வியர்வையும் இதே வேலையைச் செய்யும், ஆனால் எங்கள் ஊரில் சாரல்தான் அதிகம்.

பிறகு நானே விசாரிக்க ஆரம்பித்தேன். மரம் வாங்குவதற்கு முன் செங்கோட்டை அறுவை மில்லில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்க்கிறவன் நான், இதை மட்டும் தட்டிப் பார்க்காமல் வாங்குவேனா?

துபாயிலிருந்து வந்த மச்சினனிடம் ஆப்பிள் கம்பெனியின் ஏர்பாட்ஸ் புரோ இருந்தது. அதில் தட்டு இல்லை, காதுக்கு வெளியே கீழே நீளும் காம்பைக் கிள்ள வேண்டும். கிள்ளினால் ஒரு சின்னக் 'கிளிக்' கேட்கிறது. விரல் உரசினால் ஒன்றும் ஆகாது, அழுத்தம் வேண்டும். இதுதான் சரியான வேலை என்று எனக்குத் தோன்றியது. 2019இல் வந்த முதல் புரோவிலேயே இப்படித்தான். 2022இல் வந்த அடுத்ததில் காம்பை மேலும் கீழும் வருடினால் சத்தம் கூடும், குறையும். கை நடுங்குகிறவர்களுக்காக, அடுத்தடுத்து எவ்வளவு நிதானமாக அழுத்தலாம், எவ்வளவு நேரம் பிடிக்கலாம் என்று மாற்றிக்கொள்ள ஐபோனின் அணுகல்தன்மை அமைப்பில் இடம் வைத்திருக்கிறார்கள். குறையும் உண்டு. ஒரு கிள்ளு, இரண்டு கிள்ளு, மூன்று கிள்ளு இவற்றுக்கு அவர்கள் வைத்ததுதான் அர்த்தம். பிடித்து வைப்பதை மட்டும் காதுக்குக் காது மாற்றலாம். 2016இல் வந்த முதல் ஏர்பாட்ஸில் இரட்டைத் தட்டு மட்டும்தான், ஆனால் அதை இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று வைக்கலாம், வேண்டாம் என்றால் அணைத்தும் வைக்கலாம். விலையைக் கேட்டேன். மச்சினனிடம் ஒரு தடவை கிள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மகளிடம் இருப்பது சாம்சங் கேலக்ஸி பட்ஸ். அதன் செயலியில் ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு, பிடித்து வைப்பது ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச் இருக்கிறது. ஒற்றைத் தட்டை மட்டும் அணைத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம், அல்லது மொத்தமாகத் தொடுகையைப் பூட்டிவிடலாம். சோனியின் சில மாடல்களில் வேறு மாதிரி. ஒவ்வொரு தட்டாக மாற்ற முடியாது, கட்டளைகளைக் கட்டாகச் சேர்த்து, இடது காதுக்கு ஒரு கட்டு, வலது காதுக்கு ஒரு கட்டு என்று கொடுத்துவிடுவார்கள். பாட்டுக் கட்டு, சத்தக் கட்டு, வெளிச்சத்தம் அடைக்கும் கட்டு, இல்லையென்றால் எதுவும் வேண்டாம். இதில் ஒரு சங்கடம், ஒற்றைக் காது மட்டும் மாட்டினால் அந்தக் காதின் கட்டு மட்டும்தான் வேலை செய்யும். என்னைப்போல வேலை இடத்தில் ஒரு காதைத் திறந்து வைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நத்திங் கம்பெனியின் 'இயர் 2' மாடலில் காம்பைக் கிள்ளுவதுதான், இரண்டு கிள்ளு, மூன்று கிள்ளு, பிடித்து வைப்பது என்று தனித்தனியாக மாற்றலாம்.

எனக்குக் கண்ணைத் திறந்தது கண் தெரியாத ஒரு வாத்தியார். கடையநல்லூர்ப் பக்கம் அவருக்குப் புத்தக அலமாரி செய்து கொடுத்தேன். அவர் வைத்திருந்தது ஜாப்ரா கம்பெனியின் பழைய இயர்பட்ஸ், அதில் உண்மையான பொத்தான் இருக்கிறது. புதிய மாடல் வாங்கக்கூடாதா சார் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தொடுற மாதிரி இருக்கறது எனக்கு ஆகாது ஆசாரி. எனக்கு எதுவும் எங்க இருக்குன்னு தடவிப் பார்த்துதான் தெரியும். அதுல தடவிப் பார்த்தாலே தட்டுனதா ஆயிடுது." இத்தனை நாள் என் பென்சிலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பொத்தானை விரலால் கண்டுபிடித்து, இதுதான் என்று உறுதி செய்து, அப்புறம் அழுத்தலாம். தொடு மூடியில் தேடுவதும் ஆணையிடுவதும் ஒன்றாகிவிடுகின்றன. பொத்தானுக்கும் குறை இல்லாமல் இல்லை. அழுத்தும்போதெல்லாம் இயர்பட் காதுக்குள் இறங்கும், நாளெல்லாம் அழுத்தினால் வலிக்கும் என்றார். அதனால் அவர் அடிக்கடி செய்கிற வேலையை ஒற்றை அழுத்தத்துக்கும் எப்போதாவது செய்வதை மூன்று அழுத்தத்துக்கும் மாற்றி வைத்திருக்கிறார். யாரோ வைத்ததை அப்படியே வைத்திருக்கவில்லை.

வாங்கப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் நாலு மொபைல் கடை ஏறினேன். கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இதுல தட்டுறத மாத்த முடியுமா, ஆஃப் பண்ண முடியுமா?" ஒருவர் புளூடூத் 5.3 என்றார். ஒருவர் 40 மணி நேரம் என்றார். ஒருவர், "டச் கன்ட்ரோல் எல்லாம் இருக்குண்ணே" என்று அதையே பெருமையாகச் சொன்னார். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் சீல் உடைந்துவிடும், உடைத்தால் வாங்கியே ஆக வேண்டும். நான்காவது கடைப் பையன் மட்டும் யோசித்து, "பேரச் சொல்லுங்க, செயலி இருக்கான்னு பாப்போம்" என்று தன் போனில் பிளே ஸ்டோரைத் திறந்தான். செயலியின் படங்களில் தொடுகை அமைப்புக்கு என்று ஒரு பக்கம் தெரிகிறதா, அதில் 'ஒன்றுமில்லை' என்று ஒரு வரி இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஐந்தாவது பெட்டியில் இருந்தது. 2,499 ரூபாய். இந்த வழியை உங்கள் வாசகர்கள் யாரும் செய்து பார்க்கலாம், பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

செயலியைப் போட்டதும் இருப்பிட அனுமதி கேட்டது. காதுக்கும் நான் எங்கே இருக்கிறேன் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று பயந்து மகளைக் கூப்பிட்டேன். ஆண்ட்ராய்டு 11 வரைக்கும் பக்கத்தில் இருக்கும் புளூடூத் கருவியைத் தேட வேண்டும் என்றாலே அந்த அனுமதி வேண்டும், 12இல்தான் தனியாகப் பிரித்தார்கள், என் போன் பழசு என்றாள். தொடர்புப் பட்டியலையும் கேட்டது, அதைக் கொடுக்கவில்லை, கொடுக்காமலேயே வேலை நடக்கிறது. செயலி முழுக்க ஆங்கிலம். வீடியோ அழைப்பில் அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் தொட்டு மாற்றினேன்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. வலது காதில் எதற்கும் ஒன்றும் இல்லை, அது பென்சிலின் காது. இடது காதில் ஒற்றைத் தட்டுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு தட்டினால் நிறுத்து அல்லது தொடங்கு, போன் வந்தால் எடு. பிடித்து வைத்தால் வெளிச்சத்தம் திறக்கும். மூன்று தட்டுக்கு ஒன்றும் இல்லை, இனி எந்தக் காலத்திலும் இல்லை. ஒற்றைத் தட்டை அணைத்தது தவறிப் படுவதைத் தடுக்கத்தான். இரண்டு தட்டை வைத்திருக்கிற கருவியில் ஒற்றைத் தட்டு எப்படியும் கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும், இன்னொரு தட்டு வருமா என்று அது காத்திருந்து பார்க்க வேண்டும் அல்லவா? ஒரு தடவை கூப்பிட்டால் உளி, இரண்டு தடவை கூப்பிட்டால் சுத்தியல் என்று கையாளிடம் சொல்லி வைத்தால், முதல் தடவை கூப்பிட்டதும் அவன் உளியை எடுத்துக்கொண்டு ஓடி வருவானா? நின்று பார்ப்பான். அதுபோலத்தான்.

மாற்றிய கணக்கு இயர்பட்ஸுக்குள்ளேயே பதிந்துவிட்டது. மனைவியின் போனில் இணைத்தாலும் அதே கணக்குதான். செயலியை அழித்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது. நிம்மதியாக நாலு மாதம் போனது. பிறகு ஒருநாள் செயலியைத் திரும்பப் போட்டபோது, மென்பொருளைப் புதுப்பிக்கவா என்று கேட்டது, சரி என்றேன். மறுநாள் காலையில் பென்சிலை எடுத்தேன், பாட்டு நின்றது. எல்லாம் பழையபடி தொழிற்சாலைக் கணக்குக்குப் போய்விட்டிருந்தது. மாட்டிய கதவின் கைப்பிடியை, வீட்டுக்காரர் தூங்கும்போது வந்து இடம் மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி. குறைந்தபட்சம் சொல்லிவிட்டாவது செய்திருக்கலாம்.

கம்பராமாயணத்துக்கு இது மட்டும் போதவில்லை. ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவில் ஒரு பாட்டு காதில் விழாமல் போனால் பத்து நொடி பின்னால் போக வேண்டும். இயர்பட்ஸுக்குத் தெரிந்தது அடுத்தது, முந்தையது இரண்டும்தான். அழுத்தினால் பேச்சே மாறி வேறொருவர் பேச ஆரம்பித்துவிடுவார். வானொலிக்கோ அடுத்தது என்று ஒன்றே கிடையாது. இதற்கு வழி போனில் இருக்கிறது. ஆன்டெனாபாட் என்ற இலவசச் செயலியில், அடுத்தது என்ற கட்டளை வந்தால் கொஞ்சம் முன்னே போ, முந்தையது என்று வந்தால் கொஞ்சம் பின்னே வா என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம். சொற்பொழிவுகள் பாட்காஸ்டாகக் கிடைக்கும் இடங்களில் எனக்கு இது பெரிய உதவி. அதற்காக மட்டும் இடது காதில் மூன்று தட்டுக்கு 'முந்தையது' வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று என்றாலே இன்னும் கை கூசுகிறது.

ஒரு விஷயம், இதைச் சிரிப்பாக எழுத முடியாது. பழைய ஜோடி காதில் இருந்தபோது, பென்சிலைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டு நின்றேன். விரல் மூடியிலேயே இருந்திருக்கிறது, வெளிச்சத்தம் அடைபட்டுவிட்டது. மேலே ஏணியில் நின்ற பையன், "அண்ணாச்சி, சட்டம் நழுவுது" என்று கத்தியது எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது போல இருந்தது. நிமிர்ந்து பார்த்து ஒதுங்கினேன், ஓரடி தள்ளி விழுந்தது. வேங்கைச் சட்டம், ஏழடி. அன்றிலிருந்து மிஷின் ஓடும்போதும் மேலே ஆள் நிற்கும்போதும் இரண்டு காதிலும் எதுவும் மாட்டுவதில்லை. வண்டி ஓட்டும்போது முன்பும் மாட்டியதில்லை. கையால் உப்புத்தாள் தேய்க்கும்போதும் பாலிஷ் போடும்போதும்தான். ஆனாலும் கேட்கிறேன், நான் கேட்காமலே என் காதை அடைக்கிற உரிமையை அந்த மூடிக்கு யார் கொடுத்தது?

ஆகையால் ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த தடவை கட்டம் போடும்போது இன்னொரு வரி சேருங்கள். தட்டை அணைக்க முடியுமா, காதுக்குக் காது தனியாக மாற்ற முடியுமா, புதுப்பித்தால் மாற்றியது நிற்குமா. விமரிசனம் எழுதுகிறவர் ஒரே ஒரு நாள் காதில் பென்சில் வைத்துக்கொண்டோ, மாட்டல் போட்ட தோடோடோ, சாரலில் நின்றுகொண்டோ சோதித்துப் பார்த்தால் இன்னும் நல்லது. பாட்டு எவ்வளவு இனிமையாகக் கேட்கிறது என்று அரைப்பக்கம் எழுதுகிறீர்கள், அந்தப் பாட்டு முழுதாக ஓடினால்தானே இனிமை.

பெட்டியின் மேல் விலை, தயாரித்த மாதம், இறக்குமதிச் சரக்கு என்றால் எந்த நாட்டில் செய்தது, புகார் சொல்ல எண், எல்லாம் அச்சிட வேண்டும் என்று 2011இன் பொட்டலப் பொருள் விதிகள் இருக்கின்றன. அதனால்தான் மகள் மறைத்த விலை எனக்குத் தெரிந்தது. இதற்கும் விதி போடச் சொல்லி நான் கேட்கவில்லை. 'ஸ்மார்ட் டச்' என்று கொட்டை எழுத்தில் போடுகிற இடத்தில், 'மாற்றலாம்', 'மாற்ற முடியாது' என்று ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டால் கம்பெனிக்கு எவ்வளவு மை செலவாகிவிடும்? தமிழில் போட்டால் என் கண்ணாடிக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

இப்படிக்கு,
மரவேலைக்காரன் ஒருவன்,
இலஞ்சி, தென்காசி மாவட்டம்.

பின்குறிப்பு: அந்த வங்கிக்காரர் வேலையைப் பிடுங்கவில்லை. மறுநாளே மைக்கா நிறம் சொல்லிவிட்டார், பழுப்பு. நாலு அலமாரியும் முடித்துப் பணமும் வாங்கியாகிவிட்டது. இப்போதும் ஏதாவது கீல் தளர்ந்தது, பூட்டு இறுகியது என்று பேசுவோம். நான் போன் போட்டால் மட்டும், எடுத்ததும் முதல் கேள்வி அதுதான்: "ஆசாரி, இப்ப நீ கூப்பிட்டியா, உன் காது கூப்பிட்டுச்சா?"